வீட்டுக்கு எந்த நெட் கனெக்‌ஷன் எடுப்பது? ஸ்பீடைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி இது: "தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் ஒரு அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடிக்கு வாடகைக்குப் போகிறோம். எனக்கு வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்துதான் வேலை. மனைவி ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறார். இரண்டு பிள்ளைகள். பெரிய கம்பெனி ஃபைபர், உள்ளூர் கேபிள்காரர் தரும் நெட், மொட்டை மாடியில் வைக்கும் 5ஜி பெட்டி, மூன்றும் கிடைக்கும் என்கிறார்கள். எதை எடுப்பது? எத்தனை எம்பிபிஎஸ் போதும்? கூடவே சங்கரன்கோவில் பக்கத்தில் கிராமத்தில் இருக்கும் அப்பா அம்மா வீட்டுக்கும் ஒன்று வேண்டும். அங்கே கேமரா வைக்கப்போகிறோம்."

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் வரை கண்ணாடி இழை (ஃபைபர்) வருமானால் அதை எடுங்கள். வராது என்றால் மட்டும் 5ஜி பெட்டி. எந்தக் கம்பெனி என்பதை விளம்பரத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். உங்கள் தெருவில் கம்பி அறுந்தால் யார் வருகிறார், எத்தனை மணி நேரத்தில் வருகிறார் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். எம்பிபிஎஸ், அதாவது வேகக் கணக்கு, அதற்கெல்லாம் அப்புறம்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஃபைபர் என்று விற்கப்படுவதெல்லாம் உங்கள் வீடு வரை ஃபைபராக வருவதில்லை. சில இடங்களில் கட்டடத்தின் மாடிப்படி வரை, அல்லது தெருமுனைக் கம்பம் வரைதான் இழை வரும். அங்கே ஒரு பெட்டிக்குள், நெட்டைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஸ்விட்ச் என்ற கருவியை வைத்து, அதிலிருந்து வீட்டுக்குச் சாதாரண லேன் கேபிளை (செம்புக் கம்பி) இழுத்துவிடுவார்கள். மொட்டை மாடி 5ஜி பெட்டியை ஏர்ஃபைபர் என்று விற்கிறார்கள். பெயரில் ஃபைபர் இருந்தாலும் அதில் வீட்டுக்குள் இழையே கிடையாது. டவரிலிருந்து காற்றில் வருகிறது. மூன்றுமே வேலை செய்யும். ஆனால் மூன்றும் படுக்கும் விதம் வேறு வேறு.

எது வருகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். அதே பிளாக்கில் ஏற்கெனவே கனெக்‌ஷன் வைத்திருக்கும் ஒரு வீட்டில், சுவரில் மாட்டிய பெட்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள். உள்ளே வருவது மெல்லிய, தட்டையான கருப்புக் கம்பியாக இருந்து, பச்சை அல்லது நீல நிறத்தில் சின்னச் சதுர முனையில் முடிந்தால் அது நிஜ ஃபைபர். பழைய லேண்ட்லைன் ஃபோனுக்குச் செருகுவது போன்ற, ஆனால் அதைவிடப் பெரிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் முனை என்றால் லேன் கேபிள். ஃபைபர் பெட்டியில் 'பான்' என்ற விளக்கு பச்சையாக நிலையாக எரியும். பக்கத்திலேயே 'லாஸ்' என்று ஒரு விளக்கு உண்டு. அது சிவப்பில் மின்னினால் வழியில் எங்கோ இழை அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? கரண்ட். தமிழ்நாட்டில் இருக்கிறோம், மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் அறிவிப்பு வரும், காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் மதியத்துக்கு மேல்தான் வரும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கும், ரௌட்டர் எரிந்துகொண்டிருக்கும். ஆனால் மாடிப்படியில் உள்ள அந்த ஸ்விட்ச் பொது மீட்டரில் இருந்து கரண்ட் எடுக்கிறது. அதற்கு பேட்டரி இல்லை, அல்லது எப்போதோ செத்துப்போயிருக்கும். வைஃபை முழுதாகக் காட்டும், நெட் இருக்காது. முழு ஃபைபரில் இந்தப் பிரச்சினை கிடையாது. கம்பெனியின் இயந்திரத்திலிருந்து உங்கள் வீடு வரை நடுவில் கரண்ட் தேவைப்படும் பொருள் ஒன்றுகூட இல்லை. வழியில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் வெறும் கண்ணாடி, ஒளியைப் பிரித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அங்கே அவர்களுக்கு ஜெனரேட்டரும், இங்கே உங்கள் ரௌட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ்ஸும் இருந்தால், ஊரே இருட்டில் இருக்கும்போதும் மீட்டிங் ஓடும்.

மினி யுபிஎஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான ரௌட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை, ஆனால் எல்லாம் அல்ல. அடாப்டரின் முதுகில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் யுபிஎஸ்ஸோடு பொருந்த வேண்டும். ஃபைபர் பெட்டி தனி, வைஃபை ரௌட்டர் தனி என்று இருந்தால் இரண்டுக்கும் பேக்கப் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு நெட் வரவில்லையே என்று முழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, அந்த இழையை எத்தனை வீடுகள் பங்கு போடுகின்றன என்பது. இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு வருவது ஜிபான் என்ற முறை. ஒரு இழையில் இறங்கும் பக்கம் (டவுன்லோடு) சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ்; ஏறும் பக்கம் (அப்லோடு) சுமார் 1.25 ஜிபிபிஎஸ். அதை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். 64 வீடுகளும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுத்தால் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ்தான் தேறும். நடைமுறையில் அப்படி யாரும் இழுப்பதில்லை, அதனால் 100 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தவருக்கு 100 கிடைத்துவிடுகிறது. ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கு ராத்திரி 9 மணிக்கு நெட் இழுக்கிறது என்றால், நெரிசல் பெரும்பாலும் இந்த இழையில் இல்லை. அந்தக் கம்பெனி மேலே இருந்து வாங்கும் பேண்ட்வித்தில், அதாவது மொத்தக் கொள்ளளவில், கஞ்சத்தனம் செய்கிறது.

ஆகவே ஸ்பீடு டெஸ்ட் எடுப்பதானால் ராத்திரி 9 மணிக்கு எடுங்கள். அதுவும் பக்கத்து வீட்டில், அவர்கள் அனுமதியோடு, இரண்டு விதமாக. ஊக்லாவின் ஸ்பீடுடெஸ்ட் ஆப் பெரும்பாலும் அதே கம்பெனிக்குள்ளேயோ பக்கத்திலேயோ இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுக்கும். வீட்டிலிருந்து அவர்கள் ஆபீஸ் வரை சாலை எப்படி என்பதைத்தான் அது காட்டுகிறது. ஃபாஸ்ட் டாட் காம் நெட்ஃபிளிக்ஸ் சர்வர்களிலிருந்து அளக்கிறது. முதலாவதில் 100, இரண்டாவதில் 20 என்று வந்தால் அந்தக் கம்பெனியை யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

இனி கேபிள்காரர். இவரைப் பற்றி நகரத்தில் ஒரு இளக்காரம் உண்டு. எனக்கு அது இல்லை. காரணம் சொல்கிறேன். எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியபோது எல்லாக் கம்பிகளையும் ஜேசிபி சேர்த்து அறுத்துவிட்டது. என்னுடையது ஒரு பெரிய கம்பெனி. ஆப்பில் புகார் போட்டேன். யாரும் வரவில்லை, புகார் மட்டும் 'தீர்க்கப்பட்டது' என்று தானாக மூடிக்கொண்டது. எதிர்வீட்டுக்கு நெட் கொடுத்திருந்த உள்ளூர் ஆபரேட்டர் அன்று இரவே ஒரு பையனோடு வந்தார். படிக்கட்டில் உட்கார்ந்து, செல்போன் டார்ச் வெளிச்சத்தில் இழையின் மேல்தோலை உரித்தார். ஸ்பிரிட் நனைத்த டிஷ்யூவால் துடைத்தார், கிளீவரில் வைத்து 'டக்' என்று நேராக வெட்டினார். இழைகளை ஒட்டவைக்கும் ஸ்ப்ளைசிங் மெஷினில் இரண்டு முனைகளும் திரையில் நேருக்கு நேர் வந்து, ஒரு சின்னப் பொறி. ஒட்டில் ஒளி இழப்பு வெறும் 0.02 டெசிபல் என்று காட்டியது. மேலே குழாய் உறையைச் சூடேற்றிச் சுருக்கிவிட்டு எழுந்துவிட்டார். எதிர்வீட்டில் உடனே டிவி சத்தம் கேட்டது. நான் மேலும் சில நாட்கள் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்த்தேன்.

அதற்காக எல்லாக் கேபிள்காரரும் இப்படி என்று நினைக்க வேண்டாம். சிலர் லேன் கேபிளை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டி, மழைக்குப் பிறகு மூன்று நாள் ஃபோனையே எடுக்க மாட்டார்கள். எனவே அவரிடம் நேராகக் கேட்க வேண்டியவை சில உண்டு. வீட்டுக்குள் வருவது ஃபைபரா, லேன் கேபிளா? ஸ்ப்ளைசிங் மெஷின் சொந்தமாக இருக்கிறதா, இல்லை யாரையாவது கூப்பிட வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை அறுந்தால்? பில் யார் பெயரில் வரும், ஜிஎஸ்டியோடு ரசீது உண்டா? ஆபீஸில் இணையச் செலவைத் திரும்பப் பெறுவீர்கள் என்றால் கடைசிக் கேள்வியை விடாதீர்கள். இதே கேள்விகளைப் பெரிய கம்பெனி விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டுப் பயனில்லை. அவர் விற்றுவிட்டுப் போய்விடுவார், லைன்மேன் வேறு ஆள். தெருவில் ஏணியோடு நிற்கும் லைன்மேனைப் பார்த்தால் நிறுத்திப் பேசுங்கள். இந்த ஏரியாவில் அதிகம் புகார் வருவது எங்கிருந்து என்று அவருக்குத் தெரியும். ஒரு டீயோடு சொல்லியும் விடுவார்.

பிஎஸ்என்எல் ஃபைபரும் இப்போது பெரும்பாலும் இந்த இரண்டின் கலவைதான். நெட்வொர்க்கும் பில்லும் பிஎஸ்என்எல். கடைசிக் கம்பியை இழுத்துப் பராமரிப்பது உள்ளூர் பார்ட்னர், பல ஊர்களில் அதே கேபிள்காரர். அதனால் பிஎஸ்என்எல் நன்றாக இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. ஒரு தெருவில் அருமையாக இருக்கும், அடுத்த தெருவில் திட்டுவார்கள். பழைய லேண்ட்லைன் செம்புக் கம்பியில் வந்த பிராட்பேண்டை யாராவது இன்னும் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட வேகம் விழும், அப்லோடு 1 எம்பிபிஎஸ் பக்கம்தான் நிற்கும். உங்கள் மனைவி டியூஷன் எடுக்க அது ஆகாது.

முடிச்சூர் என்பதால் ஒன்று. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கம் பட்ட பாடு உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் எந்த நெட்டும் நிச்சயமில்லை. மிக்ஜாமின்போது செல்போன் டவர்களே படுத்துவிட்டன. ஆனால் சாதாரண வடகிழக்குப் பருவமழைக்குத் தாங்குவது வேண்டும். உங்கள் கட்டடத்துக்கான ஸ்ப்ளிட்டர் பெட்டியோ ஸ்விட்ச்சோ தரைத்தளத்தில் முழங்கால் உயரத்தில் மாட்டியிருந்தால், நீங்கள் இரண்டாவது மாடியில் இருந்தும் பலனில்லை. போய்ப் பார்த்து, உயரத்தில் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மொட்டை மாடி 5ஜி பெட்டிக்கு வருவோம். ஏர்டெல் 2023 ஆகஸ்டில் டெல்லியிலும் மும்பையிலும் இதைத் தொடங்கியது. ஜியோ அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை உள்பட எட்டு நகரங்களில் ஏர்ஃபைபரைக் கொண்டுவந்தது. மாடியில் ஒரு ஆண்டெனாப் பெட்டி, அதிலிருந்து ஒரு கேபிள் இறங்கி வீட்டுக்குள் ரௌட்டர். தோண்ட வேண்டாம், கம்பத்தில் இழுக்க வேண்டாம். பல இடங்களில் ஓரிரு நாளில் மாட்டிவிடுகிறார்கள். ஃபைபர் வராத தெருவுக்கு இது வரப்பிரசாதம், மறுக்க முடியாது. ஒரு சேதி: ஜியோ எல்லா வீட்டுக்கும் 5ஜி அலைவரிசையில்தான் கொடுக்கிறது என்றில்லை. சில இடங்களில் உரிமம் தேவைப்படாத அலைவரிசையில், பக்கத்துக் கட்டடத்திலிருந்து நேர்க்கோட்டில் ரேடியோ வைத்துக் கொடுக்கிறார்கள். அப்படியானால் எதிரே யாராவது ஒரு மாடி கூடக் கட்டினால் உங்கள் சிக்னல் போச்சு. மாட்ட வருபவரிடம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் குறைகள் மூன்று. ஒன்று, டவரின் கொள்ளளவை அந்தப் பகுதியின் அத்தனை செல்போன்களோடும் பங்குபோடுகிறீர்கள். மாலையில் வேகம் ஏறி இறங்கும். இரண்டு, அப்லோடு. ஃபைபரில் 100 பிளான் என்றால் பெரும்பாலும் மேலே போவதும் 100. 5ஜி பெட்டியில் மேலே போவது அதில் சின்னப் பங்குதான். படம் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. கேமராவை ஆன் செய்து பாடம் நடத்துபவருக்குத்தான் தெரியும்: அவர் திரையில் மாணவர்கள் தெளிவாக இருப்பார்கள், மாணவர்களுக்கு டீச்சர் உறைந்து நிற்பார். மூன்று, டேட்டா வரம்பு. ஃபைபர் பிளான்களில் அன்லிமிடெட் என்று போட்டிருந்தாலும் மாதம் 3300 ஜிபி என்ற உச்சவரம்பு பரவலாக உண்டு. ஏர்ஃபைபர் பிளான்கள் வந்தது 1000 ஜிபி வரம்போடு. அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

1000 ஜிபி குறைவா? ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரப் படம் 3 ஜிபி வரை எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 333 மணி நேரம், நாளுக்கு 11 மணி. இரண்டு டிவி, இரண்டு லேப்டாப் உள்ள வீட்டில் விடுமுறை மாதத்தில் தொட்டுவிடலாம். 4கே டிவி என்றால் மணிக்கு 7 ஜிபி வரை போகும், சீக்கிரமே தொட்டுவிடுவீர்கள்.

இப்போது எம்பிபிஎஸ். நெட்ஃபிளிக்ஸ் தன் பக்கத்தில் சொல்வது: முழு ஹெச்டிக்கு 5, 4கேக்கு 15 எம்பிபிஎஸ். நல்ல தரத்தில் ஒரு வீடியோ கால் 4 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. உங்கள் வீட்டில் மிக மோசமான நேரத்தைக் கற்பனை செய்வோம். நீங்கள் மீட்டிங்கில், மனைவி வகுப்பில், ஹாலில் ஒரு பிள்ளை 4கே படம், இன்னொரு பிள்ளை போனில் யூடியூப்: 4, 4, 15, 5. மொத்தம் 28. இதற்கு நடுவில் லேப்டாப் ஒன்று அப்டேட் இறக்க ஆரம்பித்தால்தான் இடிக்கும், அதற்காக 100 எடுக்கலாம். 300, 500 எல்லாம் உங்களுக்கு வீண் செலவு. 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட், 5 ஜிபி ஃபைல் ஏழு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். அதை ஒன்றரை நிமிடமாக்க மாதாமாதம் இரட்டிப்புப் பணம் கட்ட வேண்டுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். விலை பார்க்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்துப் பாருங்கள். 699 ரூபாய் பிளான் என்றால் கையை விட்டுப் போவது 825.

வேகத்தைவிடப் பிங்தான், அதாவது ஒரு தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்தான், மீட்டிங்கையும் கேமையும் தீர்மானிக்கிறது. நல்ல ஃபைபரில் சென்னைக்குள் பிங் 10 மில்லி செகண்டுக்குள் இருக்கும், ஆடாமல் இருக்கும். 5ஜியில் 20, 30 என்று ஆரம்பித்து நடுவில் குதிக்கும். பையன் கேம் ஆடுகிறான் என்றால் அவனே இதைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுப்பான். சென்னைவாசிகளுக்கு ஒரு சின்ன லாபம் இருக்கிறது: கடலடிக் கேபிள் இங்கிருந்து நேராக சிங்கப்பூருக்குப் போவதால், அங்கிருக்கும் கேம் சர்வர்கள் நமக்கு மும்பையைவிட அப்படியொன்றும் தூரமில்லை.

கம்பெனியைத் திட்டும் புகார்களில் பாதி உண்மையில் வீட்டுக்குள் இருக்கும் பிரச்சினை. மாட்ட வருபவர் தனக்கு எது சுலபமோ அங்கே, வாசல் கதவுக்கு மேலே ரௌட்டரை அறைந்துவிட்டுப் போய்விடுவார். நீங்கள் வேலை பார்ப்பது கடைசி அறையில், நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டித் தாண்டிச் செத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் மெதுவானது. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான், 1, 6, 11. அபார்ட்மென்ட்டில் பத்து வீட்டு ரௌட்டர்கள் அந்த மூன்றுக்கும் அடித்துக்கொள்ளும். பழைய ஒற்றை அலைவரிசை ரௌட்டர் ஒன்றைத் தலையில் கட்டினால் 200 எம்பிபிஎஸ் எடுத்தும் போனில் 30, 40தான் காட்டும். இரட்டை அலைவரிசை ரௌட்டர்தான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபைபர் பெட்டியை வீட்டின் நடுவே வைக்கச் சொல்லுங்கள். கூட பத்து மீட்டர் கம்பிக்குக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள், பின்னாளில் மெஷ் (வீடு முழுக்க வைஃபை பரப்பும் கூடுதல் பெட்டிகள்) வாங்குவதைவிட மலிவு. வாடகை வீடு என்பதால் துளை போட வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. ஏசி பைப் போகும் துளையிலேயே இழையையும் விட்டுவிடலாம், யாருக்கும் சங்கடமில்லை.

டிவியும் உங்கள் ஆபீஸ் லேப்டாப்பும் நகராதவை என்றால் லேன் கேபிளில் போட்டுவிடுங்கள். இங்கே ஒரு சில்லறைத் தந்திரம் நடக்கும்: கேபிளுக்குள் எட்டுச் சின்னச் செம்புக் கம்பிகள் இருக்கும், அவசரத்தில் நான்கை மட்டும் முனையில் இணைத்துவிடுவார்கள். 100 எம்பிபிஎஸ் வரை வேலை செய்யும், அதற்கு மேல் போகாது. 200 பிளான் எடுத்தும் ஸ்பீடு டெஸ்ட் எப்போதும் 94, 95லேயே நிற்கிறது என்றால் காரணம் இதுவாக இருக்கும், அல்லது ரௌட்டரில் கேபிள் செருகும் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸுக்கானதாக இருக்கும்.

கனெக்‌ஷன் போட்ட அன்று லைன்மேன் கிளம்பும் முன், இழையில் வரும் ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மைனஸில் ஒரு எண் வரும், டிபிஎம் என்ற அளவில். மைனஸ் 18லிருந்து 24 வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால் இன்றைக்கு ஓடும், ஒரு மழைக்குப் பிறகு விட்டுவிட்டு வரும். எங்கோ ஜாயின்ட் சரியில்லை, அல்லது அலமாரிக்குப் பின்னால் கம்பி ஒடிந்த மாதிரி மடங்கியிருக்கிறது. அப்போதே சரி செய்யச் சொல்லுங்கள். அவர் போய்விட்டால் இதற்காக மறுபடி வரவைப்பது பெரும்பாடு.

இத்தனையும் செய்தாலும் ஒரு நாள் கம்பி அறுந்துபோகும். அந்த நாளுக்கு இரண்டாவது பிராட்பேண்ட் எல்லாம் வேண்டாம், போன் ஹாட்ஸ்பாட் போதும். ஆனால் சிம் வேறு கம்பெனியாக இருக்கட்டும். வீட்டு நெட்டும் சிம்மும் ஒரே கம்பெனி என்றால், அவர்களின் முதன்மைக் கேபிள் அறுபடும் நாளில் இரண்டும் சேர்ந்து போகலாம். 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு அன்லிமிடெட் 5ஜி என்பது நாளுக்கு 2 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள பிளான்களுக்குத்தான் என்று ஆகிவிட்டது. உங்கள் ரீசார்ஜ் அதில் வருகிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

சரி, ஊர் வீடு. அங்கே தேர்வு சுருக்கம். முதலில் பக்கத்து டவுன் கேபிள் ஆபரேட்டரிடமும் பிஎஸ்என்எல்லிலும் ஃபைபர் வருமா என்று கேளுங்கள். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இழையால் இணைப்பது பாரத்நெட் திட்டத்தின் வேலை. மாநிலத்தில் அதைச் செய்வது தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம். ஊராட்சி அலுவலகத்துக்கு இழை வந்துவிட்டதா என்று அப்பா ஒரு நடை போய்க் கேட்டு வரலாம். வந்திருந்தால், அங்கிருந்து வீடுகளுக்கு யாராவது கொடுக்கிறார்களா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஃபைபரை நான் கிராமத்துக்கு இன்னும் அழுத்திச் சொல்வதற்கு இடியும் ஒரு காரணம். வெளியே ஓடும் செம்புக் கேபிள் எதுவாக இருந்தாலும், பழைய ஃபோன் கம்பியோ, லேனோ, மாடி ஆண்டெனாவிலிருந்து இறங்கும் கேபிளோ, பக்கத்தில் இடி இறங்கினால் அதன் வழியாக ரௌட்டரும் டிவியும் சேர்ந்து போகும். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. அணில் கடிக்கும், அது வேறு கதை. தென்னை மரத்தை ஒட்டிக் கம்பி போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஃபைபர் இல்லையென்றால் 5ஜி பெட்டி. அதுவும் இல்லையென்றால் சிம் போடும் 4ஜி ரௌட்டர். எந்தக் கம்பெனி என்பதைத் தெரிந்துகொள்ள, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இரண்டு மூன்று சிம்களைக் கொண்டுபோய், மொட்டை மாடியில் காலையில் ஒருமுறை, இரவு ஒருமுறை அளந்து பாருங்கள். கீழே ஒரு கோடு காட்டும் சிக்னல் மாடியில் நான்கு காட்டுவது சகஜம். சாட்டிலைட் இணையம் வருகிறதே என்று கேட்பீர்கள். ஸ்டார்லிங்குக்கு இந்தியாவில் 2025 ஜூனில் தொலைத்தொடர்பு உரிமம் கிடைத்தது. அது சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் வழியாக வருவதால், 36,000 கிலோமீட்டர் உயரத்துப் பழைய வகையில் இருந்த அரை நொடித் தாமதம் இதில் இல்லை. ஆனால் அது வேறு எதுவுமே எட்டாத எஸ்டேட்டுக்கும் மலைக்கும். சங்கரன்கோவில் பக்கம் செல்போன் டவர் தெரிகிற ஊருக்கு அதை எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

அம்மா அப்பாவுக்கு வீடியோ கால், யூடியூப் இரண்டுக்கும் 30 எம்பிபிஎஸ் தாராளம். கணக்கை மாற்றுவது கேமராதான். கேமராப் படங்களைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியும் ஹார்ட் டிஸ்கும் வைக்கும் வகை என்றால் பதிவு வீட்டிலேயே நடக்கிறது. நீங்கள் சென்னையிலிருந்து திறந்து பார்க்கும்போது மட்டும் நெட் செலவாகும். க்ளவுடில், அதாவது நெட் வழியே கம்பெனி சர்வரில், இருபத்து நான்கு மணி நேரமும் பதிவு செய்யும் வைஃபை கேமரா என்றால் வேறு. ஒரு கேமரா 1 எம்பிபிஎஸ் மேலே அனுப்பினாலே நாளுக்கு 10.8 ஜிபி, மாதத்துக்கு 324 ஜிபி. அப்படி மூன்று கேமரா மாட்டினால் 1000 ஜிபி வரம்பு கேமராவுக்கே சரியாகிவிடும். அப்பா சீரியல் பார்க்க மிச்சமிருக்காது. ஊர் வீட்டுக்கு டிவிஆர் வகையே போதும், டேட்டாவும் மிச்சம்.

டிவிஆரைத் தூரத்திலிருந்து பார்ப்பதில் ஒரு சிக்கல் வரலாம். ஜியோ உள்பட பல கம்பெனிகள் வீட்டுக்குத் தனி ஐபி முகவரி தருவதில்லை. ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறார்கள். பழைய முறையில், ரௌட்டரில் போர்ட் என்ற வழியைத் திறந்து வெளியிலிருந்து டிவிஆரைப் பார்க்க நினைக்கும் கடைக்காரர், உங்க நெட் சரியில்லை சார் என்பார். நெட் சரியாகத்தான் இருக்கும். கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ஆப்பில் சேர்க்கும் வசதி உள்ள டிவிஆராக வாங்கினால் இந்தத் தலைவலி கிடையாது. மாதாமாதம் காசு கட்டி ஸ்டாட்டிக் ஐபி (மாறாத தனி முகவரி) வாங்க வேண்டியதும் இல்லை.

கடைசியாகப் பணம் கட்டும் விஷயம். ஆறு மாதம், ஒரு வருடம் சேர்த்துக் கட்டினால் ரௌட்டர் இலவசம், இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள். புது ஏரியாவில் அந்த ஆசையில் விழாதீர்கள். இன்ஸ்டலேஷனுக்குக் காசு போனாலும் பரவாயில்லை, முதல் ஒன்றிரண்டு மாதம் மாதக் கட்டணத்தில் ஓட்டுங்கள். ஒரு மழையும் ஒரு பராமரிப்பு மின்வெட்டும் வந்து போகட்டும். பிடித்திருந்தால் அப்புறம் ஆறு மாதத்துக்கு மாறலாம். புகார் சொல்லும்போதெல்லாம் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டமர் கேரில் தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அங்கே முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். வீடு காலி செய்யும் நாளில் அவர்கள் கொடுத்த பெட்டியையும் அடாப்டரையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, சீரியல் எண் எழுதிய ரசீது வாங்காமல் விடாதீர்கள். டெபாசிட் திரும்பி வரவும், பெட்டி வரவில்லை என்று பின்னால் பில் வராமல் இருக்கவும் கையில் அது ஒன்றுதான் சாட்சி.